வேலைவாய்ப்பு அட்டை மறைந்தது

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் நிலத்துப் பட்டாவும் ரேஷன் கார்டும் பிள்ளையின் வேலைவாய்ப்பு அலுவலக அட்டையும் ஒரே உறையில் கிடந்த காலம் உண்டு. முதல் இரண்டும் இன்னும் இருக்கின்றன. அட்டை போய்விட்டது. பதிவு இணையத்துக்கு மாறியபோது அதற்கென்று நாள் குறித்து யாரும் வழியனுப்பவில்லை.

அலுவலக வழக்கில் அதன் பெயர் எக்ஸ்-10. எங்களுக்கு அது 'எம்ப்ளாய்மென்ட் கார்டு'. பேனாவால் எழுதிய பதிவெண், கல்வித் தகுதி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்ததற்கான முத்திரை. உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர 1945இல் பிறந்த ஏற்பாடு இது. காலியிடங்களை இந்த அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 1959இல் சட்டம் வந்தது. அங்கிருந்து பதிவு மூப்புப்படி பெயர்கள் போகும்.

எங்களுடையது மானாவாரி பூமி. குண்டாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். ஐப்பசி மழை ஏமாற்றினால் பருத்தியும் கம்பும் மல்லியும் போச்சு. அப்புறம் அருப்புக்கோட்டைத் தறி, இல்லையென்றால் சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம். அதனால் பிளஸ் டூ மார்க் ஷீட் வந்ததும் பிள்ளையை விருதுநகர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். "பதிஞ்சு வச்சிட்டியாப்பா?" என்று எதிர்ப்படும் பெரியவர்கள் எல்லாரும் கேட்பார்கள். ஈரம் காயுமுன் விதைத்துவிட்டாயா என்று கேட்கிற அதே குரல்.

பதிந்தது நான், காத்திருந்தது மொத்தக் குடும்பமும். புதுப்பிக்க வேண்டிய மாதத்தை அப்பா கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதிவைத்தார். தவறினால் மூப்பு போய்விடும் என்ற பயம். தபால்காரர் சைக்கிளை நிறுத்துமுன்பே அம்மா வாசலுக்கு வந்துவிடுவார்.

"தம்பி, கார்டு ஏதும் இருக்கா?"

"எல்.ஐ.சி. நோட்டீஸ்தான்மா."

"அத நாளைக்குக் குடு, பரவால்ல."

பெண் பார்க்கப் போன இடத்திலும் மாமா என் சம்பளத்தைச் சொல்லவில்லை, சம்பளமே இல்லை. "பதிஞ்சு வச்சிருக்கான், சீனியாரிட்டி நெருங்கிருச்சு" என்றார். பெண்வீட்டார் அதை மதித்துக் கேட்டார்கள்.

நேர்முகக் கடிதம் ஒருநாள் வந்தது. தெருவே அதைக் கைமாற்றிப் படித்தது. அசல் சான்றிதழ்களுடன் போனேன். ஒரே இடத்துக்குப் பலரை அனுப்பியிருந்தார்கள். வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் அம்மா அந்தக் கடிதத்தைத் தூக்கிப்போட விடவில்லை. அதில் அரசாங்கம் எங்கள் பெயரை இனிஷியலோடு எழுதியிருந்தது, எங்கள் தெருப் பெயரையும் எழுதியிருந்தது. யாரையும் தெரியாத ஒரு சம்சாரியின் பிள்ளையைத் தேடி ஓர் அலுவலகம் ஊருக்குள் தபால் அனுப்பியது. நான் துக்கம் கொண்டாடுவது அதற்காகத்தான்.

1996இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்கள் மட்டும் போதாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து விண்ணப்பிப்பவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. அது நியாயமான தீர்ப்பு. பதியத் தெரியாதவருக்கும் கதவு திறந்தது. 2012இல் தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது. மூப்பை நம்பி பி.எட். முடித்தவர்கள் மறுபடி பரீட்சைக்கு உட்கார்ந்தார்கள். இன்று குரூப் 4 தேர்வுக்கு அருப்புக்கோட்டையிலிருந்து போகிற பிள்ளைகள் திறமைசாலிகள். ஆனால் அவர்கள்தான் ஒவ்வொரு முறையும் அரசைத் தேடிப் போகிறார்கள். அரசு அவர்களைத் தேடி வருவதில்லை.

படித்து வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை 2006இல் வந்தது. பட்டதாரிக்கு முதலில் மாதம் 300 ரூபாய், பிறகு 600. பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால்தான் அதுவும். அந்தக் காத்திருப்பிலேயே வயது வரம்பைத் தாண்டியவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். என் மதினி அவர்களில் ஒருவர். உங்கள் முறை இனி வராது என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும், பெயரும் இனிஷியலும் தெருவும் சரியாக எழுதி, அந்த அலுவலகம் ஒரு கடிதமாவது போட்டிருக்க வேண்டும்.