மின்சாரமில்லா நிக்கல் முலாம்

மின்சாரம் செலுத்தாமல், கரைசலில் நடக்கும் வேதிவினையால் மட்டுமே ஒரு பொருளின்மேல் உலோகக் கலவையைப் படியவைக்கும் முறை. பெரும்பாலும் படிவது நிக்கல்-பாஸ்பரஸ் கலவை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது வேறு வேலை. அங்கே உருகிய உலோகம் ஒட்டுகிறது, இங்கே உப்புக் கரைசலிலிருந்து உலோகம் பிரிந்து வந்து படிகிறது.

பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் 1844-இல் ஹைப்போபாஸ்பைட் என்னும் பாஸ்பரஸ் உப்பைக் கொண்டு நிக்கலைப் பிரித்தார். கிடைத்தது வெறும் தூள். அது பூச்சாக மாற நூறாண்டு ஆயிற்று, அதுவும் தற்செயலாக. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கூடத்தில் பிரென்னரும் கிரேஸ் ரிடெலும் குழாயின் உட்புறத்தில் மின்முலாம் பூசிக்கொண்டிருந்தனர். பூச்சு விரிசல் விடாதிருக்க ஹைப்போபாஸ்பைட் சேர்த்துப் பார்த்தால், பூச நினைக்காத வெளிப்புறத்திலும் நிக்கல்! செலுத்திய மின்சாரத்துக்குக் கணக்குப்படி கிடைக்க வேண்டியதைவிட உலோகம் கூடுதலாக இருந்தது. 1946-இல் இதை வெளியிட்டார்கள்.

தொட்டியில் இருப்பது பச்சைக் கரைசல். சூடு ஏறத்தாழ 90 பாகை செல்சியஸ். சுத்தம் செய்த இரும்புத் துண்டை இறக்கினால் மேனியெங்கும் ஹைட்ரஜன் குமிழ் கிளம்பும். மணிக்கு 10 முதல் 20 மைக்ரான் வரை பூச்சு ஏறும். மின்முலாம் முனைகளில் தடித்து, குழிகளில் மெலிந்துவிடும். இதுவோ திருகுமரையின் அடிவரை ஒரே கனம். 400 பாகையில் ஒரு மணி நேரம் சுட்டால் கடினம் ஏறத்தாழ இரு மடங்காகும்.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வுக்கு இடமளித்தது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவர், மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் வைத்திருந்த அழகப்பச் செட்டியார். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்டது.

அந்த மலாயாவின் பேராக் மாநிலத்தில், கோலகங்சாரில், 1877-இலேயே ரப்பர் கன்று ஊன்றினார்கள். அதே மாநிலத்தில் ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கு உலகுக்கே வெள்ளீயம் கொடுத்தது. 1985-இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடின. தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறின. ரப்பர், ஈயம் இரண்டுமே இந்த முலாமோடு உறவு கொண்டவைதான். ரப்பரை வேகவைக்கும் அச்சுகள் கந்தகத்தால் அரிக்கப்படாமலும் சரக்கு ஒட்டாமலும் இருக்க நிக்கல் பூசுவதுண்டு. மின்னணுப் பலகையில் ஈயப் பற்றாசு பிடிப்பதற்கு இதே நிக்கல் அடுக்கும், அதன்மேல் துளித் தங்கமும் பூசுவதுண்டு.

குறையும் உண்டு. கரைசல் நாளடைவில் கழிவுப்பொருள் சேர்ந்து கெட்டுவிடும். மின்முலாமைவிடச் செலவு அதிகம். நிக்கல் கலந்த கசடு, மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி பட்டியலிட்ட கழிவு. உரிமம் பெற்ற இடத்தில்தான் சேர்க்க வேண்டும்.