முருகைக்கல்லும் மட்டக்களப்பின் பழமனைகளும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. அவ்வாவி சூழ்ந்த புளியந்தீவே நகரின் பழைய நடுவிடமாகும். 1628 இல் போர்த்துக்கேயர் அங்கே கோட்டை அமைத்தனர். 1638 மே மாதத்தில், இரண்டாம் இராசசிங்கனுடன் உடன்பட்ட ஒல்லாந்தர், வெஸ்டர்வோல்ட் தலைமையில் அதனைக் கைப்பற்றினர். 1795 இல் அஃது ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. ஆயின் அதனைச் சூழ்ந்தெழுந்த மனைகளின் வரலாறு போதிய கவனம் பெறவில்லை.

சீமெந்து பரவுமுன்னர் இலங்கையின் கரையோரக் கட்டடக்கலை சுண்ணாம்பையே நம்பியிருந்தது. கடலில் எடுத்த முருகைக்கல் சுவருக்குக் கல்லாகவும், சூளையில் நீறிய பின் சாந்தாகவும் பயன்பட்டது. நுண்துளைகள் நிறைந்த அக்கல்லும் சுண்ணச்சாந்தும் ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளிவிடும் இயல்பின. இதனை உணராது அவற்றின்மேல் சீமெந்து பூசுவோர், ஈரத்தையும் உப்பையும் சுவரினுள்ளே சிறைவைக்கின்றனர். உப்புப் பளிங்காகுந்தோறும் கல் பொடிகிறது. பழுதுபார்ப்பே அழிவுக்கு வழிகோலுதல் இவ்வாறாம்.

இத்தகைய மனைகளின் வாழ்வு, அவற்றில் மனிதர் வாழ்தலையே சார்ந்தது. செங்கடற்கரையின் சுவாக்கின் முருகைக்கல்லாலான துறைமுக நகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாணிகம் போட் சூடானுக்குப் பெயர்ந்தபின், பராமரிப்பின்றி அதன் மாளிகைகள் இடிந்தன. முருகைக்கல்லும் கண்டல் மரமும் கொண்டெழுந்த கெனியாவின் லாமுவோ, மக்கள் தொடர்ந்து வாழ்ந்தமையால் நிலைத்து, 2001 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இலங்கையின் காலிக் கோட்டை 1988 இலேயே அச்சிறப்பைப் பெற்றது.

மட்டக்களப்பில் இடர்கள் பல. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியும், 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையும் இப்பிரதேசத்தைத் தாக்கின. சட்டத்தின் துணையும் வரையறைக்குட்பட்டதே. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஆம் திகதியைப் பொது எல்லையாகக் கொண்டது. கோட்டை அதனுள் அடங்கும். ஆங்கிலேயர் காலத்து மனைகளோ பெரும்பாலும் உரிமையாளரின் விருப்பத்துக்கே விடப்பட்டன.

இவற்றினும் கடினமான வினா ஒன்றுண்டு. பழஞ்சுவரைப் பேணச் சுண்ணாம்பு வேண்டும். அதற்காக முருகைக்கல் அகழ்ந்தால் கரை அழியும். கல்குடா, பாசிக்குடா, காயாங்கேணிப் பகுதிகளில் அவ்வகழ்வு நிகழ்ந்ததுண்டு. முருகைப் பார் அலையின் வேகத்தைத் தணிக்கும் இயற்கை அரண். தென்மேற்குக் கரையில் அஃது அகழப்பட்ட இடங்களில் 2004 இன் அலை கூடிய தூரம் உட்புகுந்தமையை ஆய்வாளர் காட்டியுள்ளனர். 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டத்துக்கு 1988 இல் கொணர்ந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வைத் தடைசெய்தது. அத்தடை நியாயமானதே.

ஆகவே, மரபைக் காக்கும் பெயரால் கடலை மீண்டும் அகழ்தல் தகாது. இடிந்த சுவர்களின் கல்லை மீளப் பயன்படுத்தலாம். மாத்தளை போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் தொலமைற்றுக் கல்லிலிருந்து பெறும் சுண்ணாம்பைப் பரிசோதித்துப் பயன்கொள்ளலாம். எஞ்சிய மனைகளை அளந்து, வரைந்து, பதிவுசெய்தல் பல்கலைக்கழகங்கள் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. சுண்ணாம்பு குழைக்கும் பக்குவம் ஏட்டிலன்றிக் கொத்தனார் கைகளிலேயே வாழ்வது. முதிய கைகள் ஓயுமுன் அது பயிலப்படல் வேண்டும். கல் எஞ்சியும் கைவினை மறையுமாயின், மனை எஞ்சாது.