கப்பலில் வந்த சோறு

பசிபிக் கடலில் உள்ள நவூருத் தீவின் உட்புறத்தில் புவாடா என்றொரு குளம் இருக்கிறது. ஒரு காலத்தில் தீவு மக்கள் பவளத்திட்டின் ஓரம் பால்கெண்டைக் குஞ்சுகளைப் பிடித்து, சிரட்டையில் நீரோடு ஏந்தி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீருக்குப் பழக்கி இந்தக் குளத்தில் விடுவார்கள். எந்தப் பகுதி எந்தக் குடும்பத்துக்கு என்று குளத்துக்குள்ளேயே தடுப்பு இருந்தது. வளர்ந்த மீன் விருந்துக்கும், கடலுக்குப் போக முடியாத நாட்களுக்கும் உதவியது. மழை பொய்த்த ஆண்டுகளில் தாழம்பழத்தைக் கூழாக்கிக் காயவைத்தது கைகொடுத்தது. தென்னையிலிருந்து இளநீரும் தேங்காயும் கள்ளும் கிடைத்தன. அந்த ஊர்க் குழந்தை தின்றது பெரும்பாலும் இவற்றைத்தான்.

2017இல் ‘லான்செட்’ இதழில் உலக நாடுகளின் 5 முதல் 19 வயதினரின் உடல் எடை பற்றிய பெரிய ஆய்வு ஒன்று வெளியானது. 1975இல் உலகம் முழுக்க உடற்பருமனோடு இருந்த பிள்ளைகள் ஏறத்தாழ 1.1 கோடி. 2016இல் 12.4 கோடி. விகிதக் கணக்கில் நாடுகளின் பட்டியலில் உச்சியில் குக் தீவுகள், பலாவ் போன்ற பசிபிக் குட்டி நாடுகளோடு நவூருவும் இருந்தது. அங்கே ஏறத்தாழ மூன்று சிறுமியரில் ஒருத்திக்கு உடற்பருமன். சிரட்டையில் மீன்குஞ்சு ஏந்திய ஊர் நூறே ஆண்டுகளில் இந்த இடத்துக்கு எப்படி வந்தது?

சிட்னி நகரத்து அலுவலகம் ஒன்றின் கதவிலிருந்து இதைத் தொடங்கலாம். பசிபிக் தீவுகளில் வணிகம் செய்த நிறுவனம் அது. நவூருவிலிருந்து யாரோ கொண்டுவந்த கல் ஒன்று, கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது. கல்லாகிப்போன மரத்துண்டு என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியருக்குச் சந்தேகம் தட்டியது. அவர் சோதித்துப் பார்த்தபோது அது உயர்தரமான பாஸ்பேட் என்று தெரிந்தது. அது 1900ஐ ஒட்டிய சமயம். 1907இல் முதல் சரக்கு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. நில உரிமையாளருக்குத் தொடக்கத்தில் கிடைத்த பங்கு டன்னுக்கு அரை பென்னி.

நவூருவின் மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு பாஸ்பேட் படிந்த நடுமேடு. மேல் மண்ணைச் சுரண்டி எடுத்தபின் எஞ்சியவை ஆளுயரத்துக்கும் மேலே கூர்கூராக நிற்கும் பவளப் பாறைகள்தான். அந்த இடுக்குகளில் விதைக்கவும் முடியாது, பிள்ளைகள் ஓடி விளையாடவும் முடியாது. மக்களுக்கு மிஞ்சியது கடலோரத்தில் ஒரு குறுகிய பட்டை.

முதல் உலகப் போரில் ஜெர்மனியின் கையிலிருந்த தீவை ஆஸ்திரேலியா பிடித்துக்கொண்டது. போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து அமைத்த பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையம் சுரங்கத்தை நடத்தியது. மண்ணை ஏற்றப் போன கப்பல்கள் அரிசி, மாவு, சர்க்கரை, டின் இறைச்சி ஆகியவற்றை இறக்கின. ஆறில்லாத அந்தத் தீவுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து குடிநீரும் கப்பலின் அடித்தட்டிலேயே வந்தது.

கப்பல் சோறு பிள்ளைகளை முதலில் குண்டாக்கவில்லை, கொன்றது. தீட்டிய வெள்ளரிசி சாப்பிட்ட தாய்மாரின் பாலில் பி1 வைட்டமின் போதாமல் பச்சிளம் குழந்தைகள் பெரிபெரி நோயில் இறந்தார்கள். அந்தப் பற்றாக்குறையை ஓரளவு ஈடுகட்டிவந்தது புளித்த கள். அதிலுள்ள ஈஸ்டில் அந்த வைட்டமின் உண்டு. குடி கெடுக்கும் என்று ஆஸ்திரேலிய நிர்வாகம் கள்ளைத் தடைசெய்தது. 1920களில் அங்கே பணியாற்றிய பிரே என்ற மருத்துவர் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்த்து, குழந்தைச் சாவுக்கும் கள் தடைக்கும் உள்ள தொடர்பை எழுதினார். தாய்மாருக்கு மீண்டும் கள் கிடைத்தபோது சாவு குறைந்தது. ஒழுக்கத்தைக் காக்கப் போட்ட சட்டம் தொட்டிலில் போய் விழும் என்று அதை எழுதிய அதிகாரி எண்ணியிருக்க மாட்டார்.

அந்த ஆண்டுகளில் நவூரு மக்கள் தங்கள் தலைகளையே எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1920இல் வந்த இன்ஃபுளுவென்சா கொத்தாக வாரிக்கொண்டு போயிருந்தது. 1,500 பேருக்குக் குறைந்தால் இனம் நிலைக்காது என்ற பேச்சு இருந்தது. 1932 அக்டோபர் 26 அன்று அந்த எண்ணை நிறைவாக்கிய குழந்தை பிறந்தது. ‘அங்காம் நாள்’ என்று அது இன்றும் கொண்டாடப்படுகிறது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1942இல் ஜப்பானியப் படை வந்தது. 1943இல் சுமார் 1,200 பேரைக் கப்பலில் ஏற்றி, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள த்ருக் தீவுகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பியது. பசியும் நோயும் குண்டுவீச்சும் போக, 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர். தீவிலேயே தங்கியவர்கள் எண்ணெய்ப் பீப்பாய்களில் மனிதக் கழிவை உரமாக்கிப் பூசணி வளர்த்து உயிர் பிழைத்தார்கள். வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே இருத்திச் செழிக்கச் செழிக்க ஊட்டும் பழைய வழக்கமும் அந்தத் தீவில் இருந்தது. பஞ்சத்தையும் சாவையும் இப்படிக் கண்டுவந்த பாட்டி, கொழுகொழுவென்ற பேரனைப் பார்த்து நோய் என்றா நினைப்பாள்? அவளுடைய அந்த மனநிலைதான் சிக்கல் என்று பிற்காலத்தில் சிலர் எழுதினார்கள். ஆனால் பிள்ளையை நன்றாகச் சாப்பிட வைக்க நினைக்காத பாட்டி எந்த ஊரில் இருக்கிறாள்? மாறியது தட்டில் விழுந்த பொருள்தான்.

1968இல், த்ருக்கிலிருந்து திரும்பிய அதே ஜனவரி 31ஆம் நாளையே தேர்ந்து, நவூரு விடுதலை பெற்றது. ஹாமர் டிரோபர்ட் முதல் அதிபரானார். 1970இல் சுரங்கமும் நாட்டின் கைக்கு வந்தது. அதன்பின் பணம் கொட்டியது. வரி இல்லை, படிப்பும் மருத்துவமும் இலவசம். மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம், சொந்த விமான நிறுவனம் என்று ஒரு சிற்றூர் அளவு மக்கள் பெரிய வாழ்வு வாழ்ந்தார்கள். சுரங்க வேலைக்கு ஹாங்காங்கிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தீவைச் சுற்றும் சாலை 19 கிலோமீட்டர்தான். அதிலும் காரில் போவது வழக்கமானது. புவாடாவிலும் ஒரு மாற்றம் நடந்து முடிந்திருந்தது. 1960 வாக்கில் குளத்தில் திலாப்பியா, நம்மூரில் ஜிலேபிக் கெண்டை என்பார்களே அந்த மீன், விடப்பட்டது. அது பெருகிப் பால்கெண்டையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தின்ன ஆளில்லாத மீன் குளத்தில் நிறைந்தது. தின்னும் மீன் டின்னில் வந்தது.

நவூருவின் பாஸ்பேட் போய்ச் சேர்ந்த இடம் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்கள். சூப்பர் பாஸ்பேட்டாக மாறி அது புல்லைச் செழிக்க வைத்தது. நியூசிலாந்தில் 1949 முதல் விமானத்திலிருந்தே மலைச்சரிவுகளில் உரம் தூவினார்கள். அந்தப் புல்லில் ஆடு கொழுத்தது. தொடையும் விலாவும் பணக்காரச் சந்தைக்குப் போயின. அடிவயிற்றுக் கறி, அதாவது கொழுப்பு மிகுந்த ‘மட்டன் ஃப்ளாப்’, மலிவு விலையில் பசிபிக் தீவுகளுக்கு வந்தது. ஃபிஜி 2000இல் அந்தக் கறியின் விற்பனையைத் தடைசெய்யும் அளவுக்கு அது பரவியது. நவூரு தன் மண்ணை விற்ற கணக்கில் இந்தக் கழிவுக் கொழுப்பையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

1975இல் பால் ஜிம்மெட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவரின் குழு தீவில் இரத்தச் சர்க்கரையைச் சோதித்தது. வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஜேம்ஸ் நீல் 1962இல் முன்வைத்த ‘சிக்கன மரபணு’ கருதுகோளை நவூரு மேல் பொருத்தினார்கள். பஞ்சம் தாங்கிய முன்னோரின் உடல் கிடைத்ததையெல்லாம் சேமித்துக்கொள்ளும், வளம் வந்ததும் அதுவே பகையாகும் என்பது அந்த வாதம். அதில் உண்மை எவ்வளவு என்பதில் இன்றும் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. ஆனால் சுரங்கம் நடத்திய நாடுகளுக்கு அது சௌகரியமான வாதம்: பழி இரத்தத்தின்மேல் விழுந்துவிடும், கப்பலின்மேல் விழாது.

1990களில் பாஸ்பேட் வற்றியது. பாழான நிலத்துக்காக சர்வதேச நீதிமன்றத்தில் நவூரு தொடுத்த வழக்கு 1993இல் சமரசமாகி, ஆஸ்திரேலியா 10.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. முதலீடுகள் கரைந்து, 2004இல் மெல்பர்ன் கட்டடமும் கைமாறியது. காசு போனபின் உடம்பு இளைத்திருக்க வேண்டும் அல்லவா? நடக்கவில்லை. கடையில் மிகவும் மலிவாக இருந்தவை அரிசி, சர்க்கரை, நூடுல்ஸ், குளிர்பானம் ஆகியவைதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் கீரையும் பழமும் கப்பல் தாமதமானால் வாடிப்போகும், விலையும் அதிகம். மீன்பிடியும் தாழம்பழக் கூழும் தெரிந்த தலைமுறை போய்விட்டிருந்தது.

ஆனால் விளையாட்டில் நவூருப் பிள்ளைகள் சோடையில்லை. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து தேசிய விளையாட்டு. பாஸ்பேட் தூசி படிந்த லிங்க்பெல்ட் மைதானத்தில் ஆடுவார்கள். பளுதூக்குதலில் காமன்வெல்த் தங்கம் வென்ற மார்கஸ் ஸ்டீபன் 2007 டிசம்பரில் நாட்டின் அதிபராகவே ஆனார். அதே ஆண்டில் நவூரு சர்க்கரை, மிட்டாய், குளிர்பானம், சுவையூட்டிய பால் ஆகியவற்றின் இறக்குமதிக்கு 30 சதவீத வரி போட்டது. பாட்டில் குடிநீர் மீதிருந்த வரியை நீக்கியது. மெக்சிகோவின் குளிர்பான வரி உலகச் செய்தியானது அதற்குப் பிறகு, 2014இல்தான்.

இப்போது கடல் மட்டம் உயர்கிறது. சுமார் 12,500 பேரில் பெரும்பகுதியினரைக் கடலோரப் பட்டையிலிருந்து, பாறை நிறைந்த நடுமேட்டுக்கு இடம்பெயர்க்க அரசு திட்டமிட்டிருக்கிறது. செலவுக்கு 2025 முதல் வெளிநாட்டவருக்குக் குடியுரிமையை விற்கிறது. விற்பனை தொடங்கியபோது விலை ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். கூர்ப்பாறைகளைச் சமன்செய்து வீடு கட்டுவதோடு, அங்கேயே பயிரிடவும் இடம் ஒதுக்குவது திட்டத்தில் உண்டு. மேல் மண் போய்விட்ட இடத்தில் விதைக்க மண்ணையும் எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டும்.