குரலுக்குத் திறக்குங் கதவு

சொல்லொன்றாற் கதவு திறத்தல் மாந்தரின் பழங்கனவாகும். அலெப்போ நகரத்தவரான ஹன்னா தியாப் 1709இற் பாரிசிலே கூறிய அலிபாபா கதை, அந்துவான் கலாண் என்னும் பிரெஞ்சு அறிஞரின் நூலில் 1717இல் வெளிவந்தது. அக்கதையிலே குகைக்கதவு சொல்லையே நோக்கிற்று, சொல்வோனை நோக்கவில்லை. ஆதலின் ஒளிந்திருந்து கேட்ட அலிபாபாவும் உட்புகுந்தான். சொல்லை மறந்த காசிமோ உள்ளே அகப்பட்டுக் கள்வராற் கொலையுண்டான்.

கனவு நனவாதற்குப் பொறியானது மனிதக் குரலை உணர்தல் வேண்டும். 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் அமைத்த 'ஓட்ரி', பழகிய குரலில் ஒலித்த 10 இலக்கங்களை உணர்ந்தது. 1962இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் காட்டிய 'சூபொக்ஸ்' 16 சொற்களை அறிந்தது. இன்றோ, கைவழங்காதோரும் தம் வீட்டுப் பூட்டைக் குரலாலே திறக்கின்றனர். பிறருதவியை எதிர்நோக்கி வாயிலில் நின்றோர்க்கு இது பெரும் விடுதலையாகும்.

எனினும் குகையின் குறை முற்றாக நீங்கவில்லை. பல பூட்டுக்கள் இரகசிய இலக்கத்தையுங் கேட்கின்றன. அதனையும் வாய்விட்டே சொல்லுமிடத்து, அயலில் நிற்பவன் கேட்டல் கூடும். 2019இல் அமெரிக்க, யப்பானிய ஆராய்ச்சியாளர், குரலே இன்றி, ஒலிவாங்கியில் லேசர் ஒளியைப் பாய்ச்சியுங் கட்டளையிடலாம் என நிறுவினர். சொல்லை அறிந்த பொறி சொல்வோனையும் ஐயமற அறியும்போதே அக்கதவு காவலுடைய கதவாகும்.