மேற்கு மின்னலும் கிழக்கு மின்னலும்: 2024இல் எங்கள் வட்டாரத்து மழை

குத்துக்கல்வலசையில் மழைப் பேச்சு வந்தால் எல்லோரும் மேற்கே மலையைத்தான் பார்ப்போம். வெளியூர் நண்பர்களும் "குற்றாலத்தில் சீசன் எப்போது?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் 2024ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்த்தால், வெள்ளம் வந்ததெல்லாம் சீசனுக்கு வெளியேதான்.

எங்கள் பகுதிக்கு மழை இரண்டு பக்கமிருந்து வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு மலையைத் தாண்டும்போது வறண்டுவிடும். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மட்டும் மலை தாழ்ந்திருப்பதால், ஈரக்காற்று உள்ளே புகுந்து சாரலாகிறது. கம்பெனி காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்த வெள்ளைக்காரர்கள் வெக்கைக்குத் தப்பிக் குற்றாலம் வந்து தங்கியதும் இந்தச் சாரலுக்காகத்தான். கார் சாகுபடிக்கு இந்த மழை. பிசானத்துக்கும் குளம் பெருகுவதற்கும் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் மழைதான்.

நம் முன்னோர் இரண்டு திசையையும் கவனித்தார்கள். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அந்த இடத்தைப் பாடும் முக்கூடற் பள்ளு, நாளை ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்குச் சொல்லும் அறிகுறிகளில் மலையாளத் திசை மின்னலும் உண்டு, ஈழத் திசை மின்னலும் உண்டு. அன்றைய வானிலை அறிக்கை அது.

இனி 2024க்கு வருவோம். மே 17ஆம் தேதி, கோடை மழையில் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து, 17 வயதுப் பையன் ஒருவன் உயிரிழந்தான். கேரளத்தில் பருவமழை தொடங்கியதாக வானிலைத் துறை அறிவித்ததே மே 30ஆம் தேதிதான். அடுத்த பெருவெள்ளம் டிசம்பர் 12, 13 தேதிகளில், கிழக்கே கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வால் வந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில், 2023இல், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மி.மீ. பெய்ததும் கிழக்கு மழைதான்.

உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, அதுவரை பதிவான ஆண்டுகளில் மிக வெப்பமானது 2024. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம். ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் ஒரே இடத்தில் இறங்கும்போது, ஒரு மாதத்து மழை ஒரு நாளில் பெய்துவிடுகிறது.

ஆகவே வரும் ஆண்டுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சாரல் ஜூனில் வரும். சில நாள் முன்பின் ஆகலாம். மே மாதத்திலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலும் கூடுதல் கவனம் வேண்டும். அருவியில் விழுவது நம் தலைக்கு மேல் பெய்யும் மழையல்ல, மேலே காட்டுக்குள் பெய்த மழை. கீழே வெயிலடிக்கும்போதும் வெள்ளம் வரலாம். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, துண்டையும் சோப்பையும் தேடாமல் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். குளிக்கத் தடை என்றால், காவலுக்கு நிற்பவரிடம் வாதாடாதீர்கள். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு, ஆசைதீரக் குளித்துக்கொள்ளலாம்.