சேரி என்னும் சொல்

நம் சங்கத்தின் வெள்ளிவிழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டிய காலை, ஒரு செய்தி நம் கருத்தை ஈர்த்தது. தொடக்க ஆண்டுகளில் சேர்ந்த பிள்ளைகளிற் பலர் முகவரிக் கட்டத்தில் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொண்டிருந்தனர். சிலர் மேலும் ஒரு சொல் எழுதிப் பின்னர் அடித்திருந்தனர். அடித்த கோட்டின் கீழே இன்றும் படிக்க முடிகின்ற அச்சொல், சேரி. இரண்டே எழுத்தாலான ஒரு சொல்லைச் சொல்ல நாணியவர்கள் நாம். அச்சொல் பிறந்த காலத்தே நாணத்திற்கு உரியதாய் இருந்ததா என்பதை ஆராய்தல் நம் கடமையாகும்.

சேர் என்னும் வினையோடு இயைந்தது சேரி. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பது பொருள். குறுந்தொகைத் தலைவி ஒருத்தி, ஒரே ஊரில் வாழ்ந்தும் தலைவன் தன் சேரிக்கு வருவதில்லை என வருந்துகிறாள். அவள் கூறும் சேரி ஊருக்குள் அடங்கிய ஒரு பகுதி, ஊருக்கு எதிரானதன்று. மதுரைக்காஞ்சி பாணர் குடியிருப்பைப் பாண்சேரி என்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரை மதிலுக்கு வெளியே தங்கிய புறஞ்சேரி, அறவோர் வாழ்ந்த இடமாகவே காட்டப்படுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல், புலன் என்னும் வனப்பிற்கு இலக்கணம் கூறுமிடத்துச் சேரிமொழியைக் குறிப்பிடுகிறது. ஆராயாமலே பொருள் விளங்கும் எளிய வழக்கு மொழி அது. இன்று ஒருவரை நோக்கிச் சேரிமொழி பேசுகிறாய் என்றால் அது வசை.

உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களைக் குடவோலை முறைக்காக நம் பாடநூல்கள் போற்றுகின்றன. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை அவை. அச்சதுர்வேதிமங்கலம் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்ததை நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அதே கல்வெட்டுக்களில் 12 சேரிகளும் பேசப்படுகின்றன. அந்தணர் சபையின் ஊர்ப்பகுதிகளுக்குப் பெயர் சேரி! இதனை எவ்வாசிரியரும் நமக்குச் சொன்னதில்லை. முகவரியை அடித்த பிள்ளைக்கு யாரேனும் இதைச் சொல்லியிருக்கலாம்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், தஞ்சைப் பெரிய கோயிலில் இச்சொல்லின் இரு முகங்களையும் ஒருங்கே காண்கிறோம். முதலாம் இராசராசன் கோயிற் பணிக்கென 400 பெண்டுகளைக் கொணர்ந்து குடியேற்றிய தெருக்கள் தளிச்சேரி எனப்பட்டன. தளி என்பது கோயில். ஒருவருக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் வழங்கப்பட்டன. அதே கோயிலின் வேறு கல்வெட்டுக்களோ, கோயிலுக்கு வரி செலுத்தும் ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடுகின்றன. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று செல்கிறது அவ்வரிசை. தீண்டாச்சேரி என்னும் பெயரும் அங்கே உண்டு. பறைச்சேரிக்கு இறையிலி அளித்தான் மன்னன் என்று மகிழ்வாரும் உளர். விளைச்சல் இல்லா நிலத்திற்கு வரியில்லை. சுடுகாட்டிற்கும் குளத்திற்கும் உரிய கணக்கே நம் முன்னோர் குடியிருப்புக்கும் என்பதற்கு மேல் அதிற் சிறப்பு ஏதும் இல்லை.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அந்நாளில் எவருடைய சேரி என்று முன்னே ஓர் அடைமொழி வேண்டியிருந்தது. கம்மாளருக்கும் ஒரு சேரி, ஈழவருக்கும் ஒரு சேரி. காலப்போக்கில் ஏனையோர் அச்சொல்லைக் கைவிட்டுத் தெரு என்றனர்; சேரி என்ற மாத்திரத்தில் நம் குடியிருப்பே பொருளாயிற்று. ஊர் என்னும் சொல்லும் அதனோடு சுருங்கி, நம்மை நீக்கிய பகுதிக்குப் பெயராயிற்று. கன்னடத்திலும் கேரி என்பது தெருவே. அங்கும் ஹொலகேரி என்றால் தீண்டாதார் தெரு. சித்தலிங்கையா தம் வாழ்க்கை வரலாற்றுக்கு ஊரு கேரி என்று பெயரிட்டார்.

சொல்லின் இழிவைவிட நிலத்தின் நிலைமை கொடிது. செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமன்கீர் 1891இல் அரசுக்கு எழுதிய அறிக்கை, சேரி மக்கள் தாம் குடியிருக்கும் மனைக்கும் உரிமையற்றவராய் இருந்ததை எடுத்துரைத்தது. மிராசுதாரருக்குப் பணியாதவன் வயலை மட்டுமன்று, வீட்டையும் இழக்க நேரிடும். அவ்வறிக்கையின் பின்னரே 1892இல் நம்மவர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடுவது அதற்காகவே. குடியிருப்பிலிருந்து வெளியேற்றப்படாமல் காக்கும் சட்டம் 1961இல்தான் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை கட்டி வாழ்ந்த உழவுத் தொழிலாளிக்கு அம்மனையை உரிமையாக்கும் சட்டம் 1971இல் வந்தது; கீழவெண்மணிச் சேரியில் 44 உயிர்கள் குடிசையோடு எரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் கழித்து.

புதுச்சேரி, வேளச்சேரி, கூடுவாஞ்சேரி, கேரளத்துத் தலச்சேரி, மட்டாஞ்சேரி என்று ஊர்ப்பெயர்களின் ஈற்றில் அச்சொல் எவ்விழிவுமின்றி வாழ்கிறது. பாண்டிச்சேரி என்று வழங்கியதை 2006இல் சட்டமியற்றிப் புதுச்சேரி என்று மாற்றிய போதும் சேரியை எவரும் நீக்கவில்லை. நீக்கக் கோரியதாகவும் நாம் அறியோம்.

நாமோ நம் சேரியை விடுத்துக் காலனி என்னும் ஆங்கிலச் சொல்லை விரும்பி ஏற்றோம். அரசு கட்டிய தொகுப்பு வீடுகளோடு வந்த பெயர் அது. நகரங்களில் இரயில்வே ஊழியரும் வங்கி அலுவலரும் வாழுமிடமும் காலனிதானே என்று நம் பெரியோர் மகிழ்ந்தனர். ஒரு தலைமுறைக்குள் சிற்றூர்களில் அதுவும் நம்மை மட்டுமே குறிப்பதாயிற்று. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர், வசைச்சொல்லாகிவிட்ட காலனி என்னும் பெயர் அரசு ஆவணங்களினின்றும் பொதுப்புழக்கத்தினின்றும் நீக்கப்படும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். நம் தெருவுக்குப் புதிய பெயர் யாது என்று ஆராய மும்முறை கூடினோம். தலைவர் பெயர் வேண்டும் என்றனர் இளைஞர். முதியவர் ஒருவர், பழைய சேரி என்றே பலகை எழுதுங்கள், உத்தரமேரூரில் பன்னிரண்டு இருந்தனவாமே என்றார். முடிவு எட்டப்படவில்லை. பேருந்து நடத்துநர் நம் நிறுத்தத்தில் இன்றும், காலனியெல்லாம் இறங்கு என்றே குரல் கொடுக்கிறார்.