துப்பாக்கி பிடித்த காலத்துக்கு எத்தனை கிரெடிட்?

1918 நவம்பரில் முதல் உலகப் போர் ஓய்ந்ததும், சீருடையைக் கழற்றிய அமெரிக்க இளைஞர்கள் விட்டுப்போன படிப்பைத் தொடரக் கல்லூரிகளுக்குத் திரும்பினார்கள். நாட்டுக்காகப் போருக்குப் போய் வந்தவர்களை, பள்ளி முடித்து நேரே வந்த பையன்களோடு முதலாண்டில் உட்கார வைக்கப் பல கல்லூரிகளுக்கு மனம் வரவில்லை. ராணுவத்தில் இருந்ததற்காகவே அவர்கள் இத்தனை மாதம் படித்ததாகக் கணக்கில் எழுதிக் கொடுத்தன. முகாமில் சமைத்தவருக்கும் பீரங்கிக்குக் குறி கணக்கிட்டவருக்கும் ஒரே வரவு.

அதன் பலன் வகுப்பறையில் தெரிந்தது. அடிப்படைப் பாடத்தைத் தாண்டிக் குதித்து மேல்வகுப்புக்குப் போனவர்கள் அங்கே திணறினார்கள். பட்டத்தின் மதிப்பு குறைவதாகப் பேராசிரியர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். நன்றிக்கடனாகக் கொடுத்தது வாங்கியவருக்கே சுமையானது.

கிரெடிட் என்ற அளவே அன்றைக்குப் புதிது. அதன் வேர் ஓய்வூதியத்தில் இருக்கிறது. 1905இல் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரி ஆசிரியர்களின் முதுமைக்கு உதவ 1 கோடி டாலர் கொடுத்தார். அந்த நிதியை நிர்வகித்த அறக்கட்டளை, எந்தக் கல்லூரிக்குப் பணம் தருவது என்று முடிவுசெய்ய ஒரு பொது அளவைத் தேடியது. ஓராண்டில் ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம் என்று உயர்நிலைப் பள்ளிப் படிப்பு அளக்கப்பட்டது. அந்த மணிக்கணக்கு கல்லூரிக்குள்ளும் வேரூன்றியது. ஒரு செமஸ்டர் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பில் படித்தால் ஒரு கிரெடிட். பெஞ்சில் உட்கார்ந்த நேரத்தை அளக்க ஏற்பட்ட இந்த முழக்கோலை, விமான இன்ஜினைப் பிரித்துப் பூட்டக் கற்றவனிடம் எப்படி வைப்பது?

இரண்டாம் உலகப் போரில் இந்தக் கேள்வி பல மடங்கு பெரிதாக வந்தது. ரேடியோ, ரேடார், வானிலைக் கணிப்பு, மருத்துவ உதவி, ஜப்பானிய மொழி எனப் பலதுறைப் பள்ளிகளை ராணுவமே நடத்தியது. 1942இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் படைவீரர்களுக்கான அஞ்சல்வழிக் கல்வி நிறுவனம் ஒன்றும் தொடங்கப்பட்டது. கடல் கடந்த முகாம்களில் இருந்தவர்களுக்கும் பாடங்கள் தபாலில் போயின. முந்தைய போரின் அனுபவத்தை மறக்காத, கல்லூரிகளின் கூட்டமைப்பான அமெரிக்கக் கல்விக் கவுன்சில், மொத்தமாக அள்ளிக் கொடுக்கும் வழக்கம் இம்முறை வேண்டாம் என்றது. சேவைக் காலத்தை விட்டுவிட்டு, கற்றதைப் பார்த்து மதிப்பிடலாம் என்பது அதன் நிலை.

எப்படிப் பார்ப்பது? இரண்டு வழிகள் பிறந்தன.

முதல் வழி தேர்வு. அயோவா பல்கலைக்கழகத்தின் எவரெட் லிண்ட்குவிஸ்ட், சிகாகோவின் ரால்ஃப் டைலர் ஆகியோரின் முன்முயற்சியில் ‘பொதுக் கல்வி வளர்ச்சித் தேர்வுகள்’ உருவாயின. ஜி.இ.டி. என்ற பெயரில் இன்றும் நடக்கும் தேர்வின் மூலம் இதுதான். எந்த ஆண்டில் எந்தப் போர் என்று அது கேட்கவில்லை. ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்டது. பள்ளியைப் பாதியில் விட்டுப் படையில் சேர்ந்தவர், இதில் தேறினால் பள்ளி முடித்தவருக்குச் சமம். 1947இல் நியூயார்க் மாநிலம் இதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது.

இரண்டாவது வழி ஒரு கையேடு. இல்லினாய் பல்கலைக்கழகப் பதிவாளர் ஜார்ஜ் டட்டில் அதன் பதிப்பாசிரியர். ராணுவப் பயிற்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எத்தனை வாரம் நடந்தது, என்ன சொல்லிக் கொடுத்தார்கள், கல்லூரிப் பாடம் எதற்கு ஒப்பாகும், எத்தனை கிரெடிட் தரலாம் என்று பட்டியலிட்டது அந்தப் புத்தகம். ராணுவப் பள்ளிகளைக் கண்ணால் கண்டிராத பதிவாளர்களும் இனி பக்கத்தைப் புரட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். 1945 டிசம்பரில் இந்தப் பணிக்கென்றே கவுன்சில் ஓர் ஆணையத்தை அமைத்தது.

சரியான நேரத்தில்தான் அமைத்தது. 1944 ஜூன் 22இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. சட்டம், முன்னாள் வீரர்களின் கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு 500 டாலர் வரை ஏற்றுக்கொண்டது. தனியாளுக்கு மாதம் 50 டாலர் செலவுக்கும் கொடுத்தது. கல்லூரிகள் வேலையற்றோரின் புகலிடமாகிவிடும் என்று சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் எச்சரித்தார். அப்படி ஆகவில்லை. 1947இல் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். அவர்களில் பலர் மற்ற மாணவர்களைவிட நன்றாகவே படித்தார்கள்.

முன்னாள் வீரனுக்காகப் போட்ட பாதையில் பின்னால் தொழிலாளியும் நடந்தான். 1974இல் கல்விக் கவுன்சிலும் நியூயார்க் மாநிலக் கல்வி வாரியமும் அதே மதிப்பீட்டு முறையை நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் நடத்தும் பயிற்சிகளுக்கு நீட்டித்தன. மெக்டொனால்ட்ஸ் தன் மேலாளர்களுக்காக 1961இல் இல்லினாயில் தொடங்கிய ‘ஹாம்பர்கர் பல்கலைக்கழக’த்தின் சில பயிற்சிகளுக்குக்கூட இந்தக் கவுன்சிலின் கிரெடிட் பரிந்துரை கிடைத்தது. அதற்கு முன்பே, 1972இல், அமெரிக்க விமானப்படை இன்னும் ஒரு படி மேலே போய்த் தனக்கென ஒரு சமுதாயக் கல்லூரியையே நிறுவிக்கொண்டது.

ஆனால் பரிந்துரை என்றைக்கும் பரிந்துரைதான். ஏற்பதும் மறுப்பதும் அந்தந்தக் கல்லூரியின் கையில். 2013 முதல் தரைப்படை, கடற்படை, மரைன், கடலோரக் காவல்படை வீரர்களின் பயிற்சி விவரம் ஒரே பொதுச் சான்றிதழாக வருகிறது. அதை வாங்கி வைத்துக்கொண்டு, “விருப்பப் பாடமாக வேண்டுமானால் சேர்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லும் கல்லூரிகள் உண்டு. போர்க்களத்தில் ரத்தப்போக்கை நிறுத்திய மருத்துவ உதவியாளர், செவிலியர் படிப்பின் முதல் பாடத்திலிருந்து தொடங்க நேர்வது இதனால்தான். ஒஹாயோ போன்ற மாநிலங்கள் 2014ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராணுவப் பயிற்சிக்குக் கிரெடிட் தரும்படி அரசுக் கல்லூரிகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்தின.

இந்தியாவில் இரண்டு அணுகுமுறைகளும் அருகருகே இருக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டு படையில் இருந்தவர், மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதப்படுகிறார். அங்கே கணக்கு சேவைக் காலம். நான்காண்டுப் பணிக்குப் படையில் சேர்க்கப்படும் அக்னிவீரர்களுக்காக 2022இல் அறிவிக்கப்பட்ட இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பிலோ பாதி கிரெடிட்டுகள் படையில் பெறும் திறன் பயிற்சிக்கு, மீதி பாடங்களுக்கு. 2022 இறுதியில் சேரத் தொடங்கியவர்களின் நான்காண்டுப் பணி 2026 இறுதியில் முடியத் தொடங்கும். அவர்களில் நால்வரில் ஒருவரைத்தான் படை நிரந்தரமாக வைத்துக்கொள்ளும். மற்ற மூவரும் தங்கள் சான்றிதழ்களோடு வேலை தேடி வெளியே வருவார்கள்.